கணினிக் குறிப்பேடு

கற்பார் எல்லாரும் குறிப்பெடுப்பர். எடுத்த குறிப்பை வேண்டுங்கால் கண்டெடுப்பார் அவருள் சிலரே. ஓலையிலும் தாளிலும் எழுதிய காலத்தும் இஃது உண்மையாயிருந்தது. கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் எழுதும் இந்நாளில் முன்னையினும் பெரிய உண்மையாயிற்று. நம் கல்லூரி வகுப்பறை ஒன்றினுள் சற்றே நோக்குக. பேராசிரியர் கரும்பலகையில் எழுதி முடிக்கு முன்னரே பத்துக் கைப்பேசிகள் மேலெழுகின்றன. படம் எடுத்தாயிற்று, இனி எழுதுவது எற்றுக்கு என்று மாணவர் வாளாவிருக்கின்றனர். தேர்வு நெருங்கும்போது அப்படங்கள் உறவினர் திருமணப் படங்களுக்கும் காலை வணக்கப் படங்களுக்கும் நடுவே எங்கோ புதைந்து கிடக்கின்றன. நள்ளிரவில் வகுப்பு வாட்ஸப் குழுவில், “யாரிடமேனும் யாப்பிலக்கணக் குறிப்பு உண்டா?” என்று ஒருவர் ஓலமிடுகின்றார். உண்டு; நாற்பது பேரிடமும் உண்டு. எங்கே உண்டு என்பதுதான் எவர்க்கும் தெரியாது.

இக்குறையைத் தீர்ப்போம் என்று முன்வந்த மென்பொருள்கள் பல. மைக்ரோசாப்டின் ஒன்நோட் 2003-ஆம் ஆண்டிலும், எவர்நோட் 2008-லும், கூகிள் கீப் 2013-லும், ஆப்சிடியன் 2020-லும் மக்கள் கைக்கு வந்தன. இவற்றுள் எது சிறந்தது என்னும் வழக்கு நம் விடுதியில் நாடோறும் நடைபெறுகின்றது. அவ்வழக்கில் யாம் புகப்போவதில்லை. ஒரு மென்பொருளைத் தேர்ந்து, மறுமாதம் அதனைக் கைவிட்டு வேறொன்றைத் தேர்ந்து, அதற்கு வண்ணந் தீட்டி, உறைபோட்டு, அதனுள் ஒரு குறிப்பும் எழுதாத நண்பர் பலரை அறிவோம். மென்பொருளைக் கற்பது வேறு, குறிப்பெழுதக் கற்பது வேறு என்பதே எமது கருத்து. பின்னதை அறிந்தார்க்கு முன்னது ஒரு பிற்பகற் பொழுதில் கைவரும்.

யாம் மாங்காட்டிலிருந்து நாடோறும் கல்லூரிக்கு வரும் மாணவர் சிலர். எம்மூர்க்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ளது குன்றத்தூர். தெய்வச் சேக்கிழார் பிறந்த ஊர் அதுவென்பதைத் தமிழ் பயில்வார் அறிவர். கணினிக் குறிப்பேட்டைப் பற்றிய கட்டுரையில் சேக்கிழார் எங்ஙனம் வந்தார் என்று வினவற்க. குறிப்பு என்பது எங்ஙனம் வளர்ந்து நூலாகும் என்பதற்கு அவரினும் சிறந்த சான்று யாம் அறிந்தவரை இல்லை. முதற்கண் சுந்தரர் திருவாரூரில் திருத்தொண்டத்தொகையைப் பாடினார். அது பதினொரு பாட்டே. அடியார் பெயரும், அவரைப்பற்றி ஒரு சொல்லோ இரு சொல்லோ மட்டுமே அதில் உண்டு. இக்கால வழக்கிற் சொன்னால், விரைந்து எழுதப்பட்ட ஒரு பெயர்ப்பட்டியல். அதனைக் கைக்கொண்ட நம்பியாண்டார் நம்பி ஒவ்வோர் அடியார்க்கும் ஊரும் செயலும் குலமும் சேர்த்து, ஏறத்தாழத் தொண்ணூறு செய்யுளில் அந்தாதி ஒன்று யாத்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், சேக்கிழார் இவ்விரண்டையும் அடிப்படையாக வைத்து நாலாயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட செய்யுள் கொண்ட பெரியபுராணத்தை இயற்றினார். முதலதைத் தொகைநூல் என்றும், இரண்டாவதை வகைநூல் என்றும், மூன்றாவதை விரிநூல் என்றும் நம் பெரியோர் வழங்கினர்.

தொகை, வகை, விரி. இம்மூன்று சொல்லையும் நெஞ்சில் நிறுத்தினால் கணினிக் குறிப்பேட்டின் வலிமையும் வறுமையும் உடனே விளங்கும். தொகுத்தலை இக்கருவிகள் வியத்தகு முறையிற் செய்கின்றன. படம், குரல், நூலின் பக்கம், வலைத்தளம் ஆகிய எதனையும் ஒரு தட்டில் உள்ளே இட்டுவிடலாம். அவ்வெளிமையே தீங்காகின்றது. எளிதில் உட்புகுந்தது நெஞ்சினுள் புகாமலே தங்கிவிடுகின்றது. வகுத்தலுக்கு மென்பொருள் இடமளிக்கும். ஆயின் வகுப்பவர் நாமாதல் வேண்டும். விரித்தலோ முழுதும் நம் பணி. அண்மைக் காலத்தில் செயற்கை அறிவு கொண்டு குறிப்பைத் தானே சுருக்கித் தரும் வசதியையும் இம்மென்பொருள்கள் விளம்பரஞ் செய்கின்றன. தொகையை வகையாக்கும் உழைப்பிலேதான் கல்வி நிகழ்கின்றது. அவ்வுழைப்பைப் பிறிதொன்றினிடம் ஒப்படைப்பவர் எழுதிய ஏட்டை மட்டும் பெறுவர். நம்பியாண்டார் நம்பிக்காக ஒரு பொறி அந்தாதி பாடித் தந்திருப்பின் சேக்கிழார்க்கு அது பயன்பட்டிருக்குமோ, அறியோம், நம்பிக்குப் பயன்பட்டிராது.

இனித் தொடங்குவார் எங்ஙனம் தொடங்குவது என்பதைக் கூறுவோம். முதல் மாதத்தில் ஒரே பாடத்தை எடுத்துக்கொள்க. இருக்கும் பழைய குறிப்பையெல்லாம் கணினியில் ஏற்றிவிட்டே மறுவேலை என்று சூளுரைத்தவர் ஒருவரும் அதனை முடித்ததை யாம் கண்டிலேம். ஒரு குறிப்பில் ஒரு செய்தியே இருத்தல் நன்று. ‘இலக்கணம்’ என்று தலைப்பிட்டு நாற்பது பக்கம் எழுதுவது ஒரு பெட்டியினுள் வீட்டையே திணிப்பது போலாம். ‘வெண்பாவின் ஈற்றடி’ என்று தலைப்பிட்டு ஐந்து வரி எழுதுவது பின்னர் உதவும். எழுதுவதை நம் சொல்லில் எழுதுக. பிறர் சொல்லாயின் எந்நூல், எப்பதிப்பு, எப்பக்கம் என்பதை அப்பொழுதே குறிக்க. பின்னர்க் குறித்துக் கொள்வோம் என்னும் எண்ணத்தால் இறுதியாண்டு ஆய்வேட்டின்போது நூலகத்தில் மூன்று நாள் இழந்தோர் எம் மூத்த மாணவருள் உளர்.

ஒரு குறிப்பினின்று மற்றொரு குறிப்புக்கு இணைப்பு அமைக்கும் வசதியை இம்மென்பொருள்களுள் பல பெரிதாகப் பேசுகின்றன. இது புதிதன்று. செருமனி நாட்டுச் சமூகவியலறிஞர் நிக்லாஸ் லூமன் 1998-இல் இறக்கும்போது ஏறத்தாழத் தொண்ணூறாயிரம் தாட்சீட்டுகளை விட்டுச் சென்றார். ஒவ்வொரு சீட்டுக்கும் எண்ணிட்டு, இதனை அதனோடு ஒப்புநோக்குக என்று சீட்டுக்குச் சீட்டு வழிகாட்டி வைத்திருந்தார். அவர் இயற்றிய நூல்கள் அப்பெட்டிகளினின்று எழுந்தவை. அவரிடம் கணினிக் குறிப்பேடு இருந்ததில்லை. வகுக்கும் பழக்கம் இருந்தது.

தமிழில் எழுதுவார்க்கென்றே ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. அதனை எம் ஊர்ப் பெயரைக் கொண்டே விளக்குவோம். குறிப்பேட்டின் தேடற் பெட்டியில் ‘மாங்காடு’ என்று எழுதித் தேடுக. ‘மாங்காடு’ என்று எழுதிய இடங்கள் வரும். ‘மாங்காட்டில்’, ‘மாங்காட்டுப் பேருந்து’, ‘மாங்காட்டினின்று’ என்று எழுதிய இடங்கள் வாரா. ஏனெனின், கணினி எழுத்தை எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றதேயன்றிச் சொல்லை அறிந்து தேடுவதில்லை. உருபேற்கும்போது டகர ஒற்று இரட்டிக்கும் என்பது நமக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. மா என்னும் மரப்பெயர்முன் காடு வருங்கால் இனமெல்லெழுத்துத் தோன்றும் என்று நன்னூலார் கூறிய விதி அதற்கு மேலும் எட்டாதது. ‘மாங்காட’ என்று இறுதி உகரத்தை நீக்கித் தேடினால் பல மென்பொருள்களில் இரண்டும் கிடைக்கும். இன்னும் குறைத்து ‘மாங்கா’ என்று தேடினால் ஊரோடு ஊறுகாய்க் குறிப்பும் சேர்ந்து வரும்.

இவ்விடர் ஊர்ப்பெயரோடு நிற்பதன்று. ‘கடல்’ என்று தேடுவார்க்குக் ‘கடலில்’ கிடைக்காமற் போகலாம். ஏனெனின் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் கணினிக்கு வெவ்வேறு எழுத்துகள். புள்ளி நீக்கிக் ‘கடல’ என்று தேடினால் கடலும் கடலிலும் வரும். கடலை வணிகமும் வரும். ‘கடற்கரை’ எவ்வாற்றானும் வாராது. ‘யாப்பு’ என்று தேடுவார்க்கு ‘யாப்பிலக்கணம்’ வாராது. ‘செய்யுள்’ என்பார்க்குச் ‘செய்யுளில்’ வாராது. ஆங்கிலத்தில் குறிப்பெழுதும் பொருளாதார மாணவர்க்கு இத்துணைத் தொல்லை இல்லை. ஆங்கிலப் பெயர்ச்சொல் பெரும்பாலும் உருத்திரியாமல் நிற்பது. இதனாற் சலித்து, தமிழிலக்கியக் குறிப்பையே ஆங்கிலத் தலைப்பிட்டு எழுதும் தமிழ் மாணவரும் உளர் என்பது வருந்தத்தக்கது. கருவிக்கேற்ப மொழியை மாற்றுதல், செருப்புக்கேற்பக் காலைக் குறைத்தலை ஒக்கும்.

இதற்கு மருந்து எளியது. ஒவ்வொரு குறிப்பின் கீழும் ஒரு வரி விட்டு, அக்குறிப்பிலுள்ள முதன்மைச் சொற்களை உருபும் புணர்ச்சியும் நீக்கி, அடிச்சொல்லாக எழுதி வைக்க. குறிப்பினுள் ‘மாங்காட்டுப் பேருந்தில்’ என்றிருப்பினும் கீழே ‘மாங்காடு, பேருந்து’ என்று எழுதுக. ‘கடற்கரைக்கண்’ என்றிருப்பின் ‘கடல், கரை’ என்று எழுதுக. மென்பொருளார் இவற்றைக் குறிச்சொல் என்பர். டாக்டர் உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் இறுதியிற் சேர்த்த அரும்பத அகராதிகளும் அகரவரிசைகளும் இதே பணியைச் செய்தன. அவற்றைப் புரட்டிய விரலுக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. மேலும், பகுதி விகுதி பிரித்து அடிச்சொல் காண்பது நம் பாடத்திட்டத்தில் உள்ள வேலையேயன்றோ? நாடோறும் பத்துச் சொல்லைப் பிரித்தெழுதும் மாணவர்க்குப் புணர்ச்சி வினாவில் அச்சம் குறையும். இவ்வாதாயத்தை யாம் எதிர்பார்த்துத் தொடங்கவில்லை, வந்து சேர்ந்தது.

தட்டெழுதுவதைப் பற்றியும் ஒரு சொல். நம்மவருட் பலர் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வருவிக்கின்றனர். விரைவில் கைவருவதால் அதனைப் பழிப்பதற்கில்லை. ஆயினும் தந்நகரமும் றன்னகரமும் டண்ணகரமும் அம்முறையில் அடிக்கடி இடம் மாறுகின்றன. இலக்கண மாணவர் குறிப்பில் அவை மாறினால் பொருளே மாறும். 1999-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டினை அடுத்துத் தமிழக அரசால் ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை, உயிரெழுத்துகளை இடக்கைப் பக்கத்திலும் மெய்யெழுத்துகளை வலக்கைப் பக்கத்திலும் வைத்தது. பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் ஆய்தமும் ஆகிய முப்பத்தொன்றைக் கற்றால் இருநூற்று நாற்பத்தேழும் வரும். ஒரே வல்லெழுத்தை இருமுறை தட்டின் முன்னதற்குப் புள்ளி தானே அமையும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வரினும் அவ்வாறே. எனவே ‘மாங்காடு’ என்று எழுத ஏழு தட்டே வேண்டும். எழுத்தின் பிறப்பும் இனமும் அறிந்த ஒருவர் அமைத்தது போன்றிருக்கும் இவ்வமைப்பைத் தமிழ் மாணவர் கல்லாதிருப்பது வியப்பே. யாம் பேருந்தில் குன்றத்தூர் கடக்குமுன் நாடோறும் பதினைந்து நிமிடம் பழகினோம். மூன்று வாரத்தில் கை படிந்தது.

கையால் எழுதினாலன்றி மனத்தில் நில்லாது என்பார்க்கு யாது விடை? அவர் கூற்றில் உண்மை உண்டு. 2014-இல் அமெரிக்க உளவியலார் முல்லரும் ஓப்பன்ஹைமரும் வெளியிட்ட ஆய்வில், மடிக்கணினியில் எழுதிய மாணவர் சொற்பொழிவைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தெழுதும் இயல்பினர் என்றும், கருத்து வினாக்களில் கையால் எழுதினாரே மேம்பட்டார் என்றும் கண்டனர். 2019-இல் வேறு ஆராய்ச்சியாளர் அச்சோதனையை மீண்டும் நடத்தியபோது வேறுபாடு அத்துணைத் தெளிவாகத் தோன்றவில்லை. எனவே தீமை விசையினிடத்து அன்று, சொல்லுக்குச் சொல் பெயர்த்தலினிடத்து என்று கொள்வது பொருந்தும். எம் வழக்கம் இது: வகுப்பில் தாளும் எழுதுகோலும், மாலையில் அத்தாளை நோக்கி நம் சொல்லில் கணினியில் எழுதுதல். இருமுறை எழுதுவதா என்று முகஞ்சுளிப்பார்க்கு விடை, தொகைக்கும் வகைக்கும் இடையே ஒரு மாலைப்பொழுது வேண்டும் என்பதே. பேராசிரியர் சிலர் வகுப்பிற் கைப்பேசியைத் தடுப்பதையும் யாம் குறைகூறோம். தாளைத் தடுத்தாலன்றோ முறையிட வேண்டும்.

எல்லாவற்றினும் எம்மை வருத்துவது வேறொன்று. எழுதிய குறிப்பு எவர்க்கு உரியது? யாழ்ப்பாணத்தில் நைட் என்னும் குருவானவர் தொகுக்கத் தொடங்கிய சொற்குறிப்புகள், அவர் இறந்த பின்னும் பிறர் கையில் வளர்ந்து, 1862-இல் சென்னையில் வின்சுலோ ஐயரின் தமிழ் ஆங்கில அகராதியாக அச்சேறின. அவ்வகராதியின் சொற்செல்வம், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, ஒரு லட்சத்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிக்கும் பயன்பட்டது. ஒருவர் எழுதிய தாளை மற்றவர் படிக்க அவருடைய கடவுச்சொல் வேண்டியதில்லை; ஒரு நிறுவனத்தின் இசைவும் வேண்டியதில்லை. இன்றைய நிலை அன்னதன்று. கூகிள் நோட்புக் 2006-இல் தோன்றி 2012-இல் மூடப்பட்டது. ஸ்பிரிங்பேட் 2014-இல் மூடப்பட்டது. எவர்நோட்டைக் காசின்றிப் பயன்படுத்தியோர் ஐம்பது குறிப்புக்கு மேல் எழுதவியலாது என்று 2023 திசம்பரில் வரம்பு விதிக்கப்பட்டது. பழையனவற்றைக் காணவும் வெளியே எடுக்கவும் தடையில்லை எனினும், ஆயிரங் குறிப்பு வைத்திருந்தார் புதிதாய் ஒன்று எழுத வழியின்றி நின்றனர். தமிழர்க்கு இது புதிய பாடமும் அன்று. ஒருங்குறி பரவுமுன் பாமினி முதலிய எழுத்துருக்களில் எழுதிய கோப்புகள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டமாய்த் தோன்றுகின்றன. ஒருங்குறியைத் தமிழக அரசு ஏற்றது 2010-ஆம் ஆண்டிலே. அதற்கு முற்பட்ட கருத்தரங்கக் கட்டுரைகள் எத்தனையோ இன்றும் மாற்றப்படாமல் பழைய வட்டுகளில் உறங்குகின்றன.

இவ்வச்சம் எமக்கு வீட்டு வாயிலிலேயே உள்ளது. மூன்றாண்டுக் குறிப்பைக் கல்லூரி தந்த மின்னஞ்சற் கணக்கிலே வைத்திருந்த மூத்த மாணவர் ஒருவர், பட்டம் பெற்று வெளியேறிய சில திங்களில் அக்கணக்கு முடிவுற்றதால் அனைத்தையும் இழந்தார். விதி முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. அதனைப் படித்தவர்தாம் இல்லை. ஆதலின் மென்பொருளைத் தேரும்போது, இதிலுள்ள அனைத்தையும் ஒரே நாளில் வெளியே எடுக்க இயலுமா, எடுத்தது வேறொரு மென்பொருளில் திறக்குமா, இணையம் இல்லாத இடத்தும் எழுதவியலுமா என்பவற்றை வினவுக. வெற்றுரைக் கோப்பாகச் சேமிப்பவை இவ்வகையில் மேலானவை. ஆப்சிடியன் நம் கணினியிலேயே அத்தகைய கோப்பாக வைக்கின்றது. ஜாப்லின் திறந்த மூல மென்பொருள், வெளியே எடுக்கவும் தடையில்லை. இவையும் வேண்டா என்பார்க்கு, கணினியோடு வரும் எளிய உரை எழுதியும் ஒரு கோப்புறையும் போதும். அழகு குறையும், ஆயுள் நீளும். திங்கள்தோறும் ஒருமுறை ஒரு படியெடுத்து விரலளவு நினைவகத்தில் வைத்தல் இன்றியமையாதது.

தமிழ்த்துறைத் தலைவர்க்கும் முதல்வர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. அடுத்த கல்வியாண்டில் முதலாண்டு மாணவர்க்கு மூன்று வகுப்பு வேளை ஒதுக்கித் தரல் வேண்டும். முதல் வேளையில் தமிழ்99. இரண்டாவதில் அடிச்சொல் குறித்தலும் தேடுதலும். மூன்றாவதில் எழுதிய அனைத்தையும் வெளியே எடுத்து வேறிடத்தில் திறந்து காட்டுதல். எந்த நிறுவனத்தின் மென்பொருளையும் கட்டாயமாக்க வேண்டுவதில்லை. இறுதியாண்டு மாணவர்க்கு, கணக்கு முடியும் நாளை ஒரு திங்கள் முன்னதாக வகுப்பறைப் பலகையில் எழுதி அறிவித்தலும் வேண்டும். கற்பிக்க ஆளில்லை என்னும் தடை எழாவாறு, மாங்காட்டிலிருந்தும் குன்றத்தூரிலிருந்தும் வரும் எம்முள் நால்வர் இப்பொழுதே பெயர் கொடுத்துள்ளோம். பதின்மர் தேவைப்படுவர்.